நடுவர் குழுவின் முடிவே இறுதியானது

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ‘மாபெரும் டெக்கன் 8 போட்டி’ என்று தலைப்பு. வீடியோ கேம், சண்டை ஆட்டம். தலைப்புக்கு மேலே மூன்று தலைவர்கள். வலது ஓரத்தில் வட்டம் வட்டமாக ஒன்றியம், நகரம், வார்டு. இடது ஓரத்தில் கல்லூரித் தாளாளர், அவர் மகன், மருமகன். கீழே கறிக்கோழி மொத்த வியாபாரி, ஜவுளிக்கடை, இரண்டு நகைக்கடை. ஆட்டத்தின் நாயகன் ஜின் கஸாமாவை, அச்சகத்தின் செல்பேசி எண் போடும் மூலையில், கட்டைவிரல் அளவில் ஒட்டியிருக்கிறார்கள். அடிபட்டுச் சாகப் போகிறவன் அவன்தான் என்பதால் பெரிய படம் தேவையில்லை என்று விட்டிருக்கலாம்.

அதற்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், விதிமுறைகள். ஒன்று: நுழைவுக் கட்டணம் 300 ரூபாய். இரண்டு: கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. மூன்று: அடையாள அட்டை அவசியம். நான்கு: விதிமுறைகள் மாறுதலுக்கு உட்பட்டவை. ஐந்து: நடுவர் குழுவின் முடிவே இறுதியானது.

சண்டை ஆட்டத்துக்கு விதி எழுதியவர்கள் சண்டையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. எத்தனை ரவுண்ட், எத்தனை ஆட்டத்துக்கு ஒரு வெற்றி, கன்ட்ரோலர் நடுவில் செத்தால் என்ன, ஒருமுறை தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா, எதுவுமே இல்லை. ஐந்து வரியிலும் கடமை முழுக்க ஆட வருகிறவனுக்கு. உரிமை முழுக்க நடத்துகிறவனுக்கு. மூன்று வருஷம் உட்கார்ந்து 395 பிரிவுகள் எழுதி மெனக்கெட்ட அரசியல் நிர்ணய சபைக்கு இந்த யோசனை வராமல் போனதுதான் வருத்தம். கடைசி வரி ஒன்றையே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனாலும் ஐந்து வரியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஊரை ஏமாற்றுவது சிரமம். அதனால், இப்பெருமக்கள் எழுதாமலேயே கண்டிப்பாகக் கடைப்பிடித்துவரும் மற்ற விதிகளையும் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். அடுத்த ஃபிளெக்ஸில் இடமிருந்தால் போட்டுக்கொள்ளட்டும். இடமில்லையென்றால் மருமகன் படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

முதல் விதி, நேரம். ஆட்டக்காரர்கள் காலை 9 மணிக்கு வர வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் நீக்கம். சிறப்பு விருந்தினர் பகல் 12.30-க்கு வருவார், அவர் பிந்துவதில்லை, அவர் வரும் நேரம்தான் சரியான நேரம். பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. விருந்தினர் மைக்கைப் பிடித்ததும், “எங்க காலத்துல கோலி, பம்பரம், கில்லின்னு தெருவுல ஆடினோம், இப்ப பசங்க இந்த டிவியப் பாத்துக் கெட்டுப் போறாங்க” என்று முக்கால் மணி நேரம் வருந்துவார். வீடியோ கேம் போட்டியைத் தொடங்கிவைக்கத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் பேச்சு அதேதான். வெளியூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த பையன்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். கைதட்டாவிட்டால் ஒழுங்கீனம்.

ஆட்டம் 2 மணிக்குத் தொடங்கும். 5 மணிக்கு அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும், அடுத்து ஒரு வளைகாப்பு. இங்கேதான் இரண்டாவது விதி பிறக்கிறது: நேரமின்மை காரணமாக எல்லாமே ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் வெளியே.

உலகம் முழுக்க சண்டை ஆட்டக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துப் பல காலமாயிற்று. ஒருமுறை தோற்றால் வெளியே போக வேண்டாம். தோற்றவர்களின் வரிசைக்குப் போய் அங்கிருந்து மேலே ஏறி வரலாம். இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியே. தோற்றவர் வரிசையிலிருந்து இறுதிக்கு வருபவன், ஒருமுறைகூடத் தோற்காதவனை இரண்டு தடவை வெல்ல வேண்டும். காரணம் எளியது. குலுக்கலில் ஊரின் முதல் இரண்டு கெட்டிக்காரர்களும் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டால், ஒற்றைத் தோல்வி முறையில் இரண்டாவது கெட்டிக்காரன் முதல் ஆட்டம் முடிந்ததுமே பஸ் ஏறிவிடுவான். இறுதியாட்டத்தில் பத்தாவது கெட்டிக்காரன் இரண்டாம் பரிசு வாங்குவான்.

கணக்கும் கடினமில்லை. 32 பேர் என்றால் ஒற்றைத் தோல்வியில் 31 மோதல். இரட்டைத் தோல்வியில் 62 அல்லது 63. மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் வெற்றி என்று வைத்தால் ஒரு மோதலுக்குச் சுமார் பத்து நிமிடம். ஒரே டிவியில் நடத்தினால் பத்தரை மணி நேரம். நான்கு டிவி வைத்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மேடைக்கு வைத்த ஆளுயர ஸ்பீக்கரின் ஒரு நாள் வாடகைக்கு எத்தனை டிவி வாடகைக்குக் கிடைக்கும் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பம்பரம் பற்றிய பேச்சு பின்வரிசைக்கு எட்டாது.

மூன்றாவது விதி, குலுக்கல். பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதி பாலித்தீன் கவரில் போட்டு, எல்லார் முன்னாலும் குலுக்குவார்கள். வெளிப்படைத்தன்மை! பதிவு செய்தது 22 பேர் என்றால், 32 இடம் உள்ள அட்டவணையில் பத்துப் பேருக்கு முதல் சுற்று ஆடாமலேயே தாண்டும் ‘பை’ கிடைக்கும். அந்தப் பத்தில் கறிக்கோழிக்காரர் மகன் இருப்பான், நகைக்கடைக்காரர் அக்கா பையன் இருப்பான். இரண்டாம் சுற்றில் அவர்களுக்கு எதிராக வர வேண்டியவன், “டீ குடிச்சிட்டு வந்துர்றேண்ணே” என்று போன இரண்டு நிமிடத்தில் பெயர் கூப்பிடப்பட்டு நீக்கப்பட்டிருப்பான். கேட்டால் விதி. எந்த விதி? ஃபிளெக்ஸில் உள்ள ஐந்தாவது.

நான்காவது விதி கருவிகளைப் பற்றியது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அயோக்கியத்தனமும் அறியாமையும் கை கோத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

டெக்கன் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டம். மிக வேகமான குத்து பத்தாவது ஃப்ரேமில் விழும். நொடியில் ஆறில் ஒரு பங்கு. பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று தாளாளர் மகன் புரொஜெக்டரில் மாட்டச் சொல்கிறார். பல புரொஜெக்டர்களும் டிவிகளும் படத்தைப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் திரையில் காட்டும். அந்தத் தாமதம் நூறு மில்லிசெகண்ட் என்றால் ஆறு ஃப்ரேம் போயிற்று. பத்தில் ஆறு போனால், குத்து முகத்தை நெருங்கிய பிறகுதான் எதிராளி கை ஓங்கியதே கண்ணுக்குத் தெரியும். வருஷக் கணக்கில் பழகிய கை, அந்தத் திரை முன்னால் குடிகாரன் கையாகிவிடும். எதையும் பார்க்காமல் எல்லாப் பட்டனையும் கிடுகிடுவென்று தட்டுகிறவனுக்கு மட்டும் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. அவன் ஒருபோதும் பார்த்து ஆடியதில்லை. இப்படியாகத் திறமைக்கும் திறமையின்மைக்கும் நடுவே சமத்துவம் நிலைநாட்டப்படுகிறது.

பெரும்பாலான டிவிகளின் மெனுவில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் நாலு தட்டுத் தட்டினால் பாதித் தலைவலி தீரும். ரிமோட் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கிறது. அவர் சாப்பிடப் போயிருக்கிறார்.

செலவு செய்ய மனமில்லாத கல்லூரி என்றால் இன்னும் விசேஷம். ஃபிளெக்ஸில் டெக்கன் 8, மேசையில் 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3. லேப் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ஆட்டத்தை ஓட்டும் எமுலேட்டர், ஒரே கீபோர்டில் இரண்டு பேர். இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், தோளோடு தோள் இடிக்க. மலிவான கீபோர்டு ஒரே நேரத்தில் சில பட்டன்களைத்தான் ஒழுங்காக வாங்கும். ஒருவன் மூன்று பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டால் அடுத்தவன் அடி கம்ப்யூட்டருக்கே போய்ச் சேராது. இது தெரிந்தவன் ஆட்டம் பழக வேண்டியதில்லை, அமுக்கிப் பிடித்தால் போதும். “அண்ணே, என் உதை விழவே மாட்டேங்குதுண்ணே” என்று ஒருவன் எழுந்தால், குழுவின் பதில் தயாராக இருக்கும்: “தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஆடுப்பா.”

சரி, சொந்தக் கன்ட்ரோலர் கொண்டுவரலாமா என்றால் கூடாது. அதில் ஏதாவது ‘செட்டிங்’ இருக்கும் என்ற சந்தேகம். மற்ற இடங்களில் ஆட்டக்காரன் தன் கருவியைத் தானே கொண்டுவருவதுதான் வழக்கம். தானாகக் காம்போ போடும் வசதி இருக்கக் கூடாது, ஒயர் இல்லாதது என்றால் ஆடி முடித்ததும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், ஆட்டத்துக்கு முன் பட்டன் எல்லாம் வேலை செய்கிறதா என்று அரை நிமிடம் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். இங்கே அந்த அரை நிமிடத்துக்கு நேரமில்லை. பொன்னாடை போர்த்தவே போதவில்லை.

ஐந்தாவது விதி, தடைகள். “எடி எடுக்கக் கூடாது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. கிராப் போடக் கூடாது. மூலையில் தள்ளி அடிக்கக் கூடாது.” எடி கோர்டோ என்ற பாத்திரத்தை எடுக்கக் கூடாது என்பது எங்கிருந்து வந்தது? போன வருஷம் தாளாளர் மகன் எடியிடம் தோற்றார். எதிராளியைப் பிடித்து எறியும் கிராப்பைச் சரியான நேரத்தில் சரியான பட்டனைத் தட்டி உடைக்கலாம் என்று ஆட்டத்தை உருவாக்கியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்வதைவிடத் தடை செய்வது சுலபம் என்பது தாளாளர் குடும்பத்துக்குப் பல காலமாகத் தெரிந்த கல்விக் கொள்கை.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1994-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அகுமா என்ற ரகசியப் பாத்திரம் இருந்தான். அவன் ஆகாயத்திலிருந்து எறியும் நெருப்புருண்டைக்குப் பெரும்பாலோரிடம் மாற்றே இல்லை என்று ஆடி ஆடிப் பார்த்தபின் போட்டிகளில் விலக்கிவைத்தார்கள். ஆதாரம் முதலில், தடை பிறகு. அந்தத் தடையும் எல்லாருக்கும் பொது, போட்டிக்கு முன்பே அறிவித்தது. இங்கே அரையிறுதி பாதியில் இருக்கும்போது மைக்கில் அறிவிப்பு வருகிறது: “இனிமே யாரும் எடி எடுக்க வேணாம்.” அப்போது எடியை எடுத்திருப்பவன் இரண்டு ரவுண்ட் முன்னிலையில் இருக்கிறான் என்பது தற்செயல்.

ஆறாவது விதி, மகளிர் பிரிவு. ஆமாம், விரலால் பட்டன் தட்டும் ஆட்டத்துக்கு மகளிர் பிரிவு! எடை தூக்குவதா, ஓடுவதா? எந்தத் தசைக்கு இந்தத் தனிப்பிரிவு? உலகத்தின் பெரிய சண்டை ஆட்டப் போட்டியான ஈவோவில் ஆண் பெண் என்று அட்டவணையைப் பிரிப்பதில்லை. பதிவு செய்தவர் ஆடலாம். இங்கே மகளிர் பிரிவுக்குப் பரிசு பாதி, பெற்றோர் கையெழுத்து கட்டாயம், 4 மணிக்குள் முடித்தாக வேண்டும். திரையில் டெக்கனின் நீனா வில்லியம்ஸ் ஆறடி ஆண்களின் கையை ஒடிக்கலாம். அவளை இயக்குகிற பெண் மட்டும் பக்கத்து நாற்காலி ஆணோடு ஆடக் கூடாது. உண்மையான காரணத்தை ஃபிளெக்ஸில் போட மாட்டார்கள்: அவள் ஜெயித்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் பையன்களுக்கு முகம் இருக்காது. பாதுகாப்பு என்று சொல்லிப் பெண்ணைத் தனியே உட்கார வைத்துவிட்டு, காப்பாற்றியது மட்டும் ஆணின் தோல்வி பயத்தை.

ஏழாவது விதி, பரிசு. ‘மொத்தப் பரிசு 50,000 ரூபாய்’ என்பதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். பதிவு எண்ணிக்கையைப் பொறுத்து மாறும் என்பது அதன் பொருள். மாறினால் ஏறாது. ஜெயித்தவன் கையில் கதவு அகலத்துக்கு ஒரு தெர்மாகோல் காசோலை கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் பதினான்கு பேர் நின்று போட்டோ எடுப்பார்கள். அதில் ஜெயித்தவனின் நெற்றி மட்டும் காசோலைக்கு மேலே தெரியும். படம் எடுத்ததும் காசோலையை வாங்கிக்கொள்வார்கள், அடுத்த மாதம் கேரம் போட்டிக்கு வேண்டும். “நம்பர் குடுத்துட்டுப் போ தம்பி, ஜிபே பண்ணிடுறோம்.” அதன் பிறகு அந்தத் தம்பி மாதக் கணக்கில் “அண்ணா, வணக்கம்ணா” என்று செய்தி அனுப்புவான். இரண்டு நீல டிக் விழும். ஒருநாள் அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். கட்டணம் மட்டும் பதிவன்றே ரொக்கமாக வேண்டும். அதில் ஜிபே பிற்பாடு என்ற பேச்சே கிடையாது.

இதெல்லாம் சின்ன விஷயம், பொம்மைச் சண்டை, இதற்கெல்லாமா கோபம் என்று கேட்பார்கள். சின்ன விஷயம் என்றால் 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டை இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் எதற்குக் கொண்டுவந்தது? 2023-இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குப் பதக்கம் கொடுத்தார்கள். தென்கொரியாவின் கிம் குவான்-வூ 44 வயதில் தங்கம் வாங்கினார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், மின்விளையாட்டில் வாங்கும் கட்டணம் நுழைவுக்கும் நிர்வாகச் செலவுக்கும்தான் என்கிறது. பிரியாணியும் பொன்னாடையும் நிர்வாகச் செலவில் சேருமா என்பதை யாராவது வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாகூரின் ஆட்டக்கடைகளில் பழகிய அர்ஸலான் ஆஷ் 2019-இல், ஒரே ஆண்டில், ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் ஈவோ டெக்கன் பட்டத்தை வென்றார். என்னைப் போல இன்னும் பலர் எங்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பலரை உருவாக்கியது அமைச்சர் படம் போட்ட ஃபிளெக்ஸ் அல்ல. தினம் தினம் மோதி, தோற்று, மறுபடி உட்கார்ந்த கூட்டம். ஈவோவே 1996-இல் கலிஃபோர்னியாவில் சுமார் 40 பேர் கூடி ஆடியதில் தொடங்கியதுதான். நம் ஊர்ப் போட்டிக்கு வருகிற கூட்டத்துக்கும் அதற்கும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம்.

2015 ஈவோவின் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 இறுதியாட்டம். ஜப்பானின் மொமோச்சி, தைவானின் கேமர்பீ. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மொமோச்சியின் ஸ்டிக் கோளாறாகி ஆட்டம் நின்றுபோனது. வேண்டுமென்று நிறுத்தவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நடுவில் ஆட்டத்தை நிறுத்தினால் அந்த ரவுண்ட் போகும் என்று விதி. ரவுண்ட் போயிற்று. அவர் கருவியை மாற்றிக்கொண்டு ஆடினார், பட்டமும் வென்றார். விதி கொடுமையாகக்கூட இருக்கலாம். ஆனால் அது முன்பே எழுதியிருந்தது, முதல் சுற்றில் தோற்றவனுக்கும் இறுதியாட்டத்தில் நிற்பவனுக்கும் ஒன்றாகவே இருந்தது. நம் ஊரில் நகைக்கடைக்காரர் அக்கா பையன் தோற்கும் நேரத்தில் கன்ட்ரோலர் தானாக விழுந்து ஆட்டம் நிற்கும். “மொதல்லருந்து ஆடுங்கப்பா” என்று குழு சொல்லும். பஸ் பிடித்து வந்தவன் கையிலிருந்து விழுந்தால் விதி விதிதான்.

இதே ஊரில், மார்க்கெட் சந்துக்குள் ஒரு பிளேஸ்டேஷன் கடை இருக்கிறது. சுவரில் ஒரு நோட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஜெயித்தவன் ஆளை மாற்றக் கூடாது, தோற்றவன் மாற்றலாம். நடுவில் நிறுத்தினால் ரவுண்ட் போச்சு. ஆடுகிறவன் காதில் யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பேட் உடைந்தால் உடைத்தவன் காசு. கடைசி வரி: ‘ஓனர் பையனுக்கும் இதே ரூல்’. எழுத்துப் பிழையோடு, பேனா மையில். நம் பல்கலைக்கழகங்களும் வாரியங்களும் சங்கங்களும் அச்சடிக்கும் எத்தனையோ விதிப் புத்தகங்களில் இல்லாத வரி அது. மேலே இருப்பவனையும் கட்டாத விதியை விதி என்பதே தப்பு. அது கீழே இருப்பவனுக்குப் போட்ட விலங்கு.

கபடிக்கும் இதுதான், கிரிக்கெட்டுக்கும் இதுதான், வேலைவாய்ப்புத் தேர்வுக்கும் இதுதான். விண்ணப்பத்தில் ஒரு எழுத்து பிழைத்தால் நிராகரிப்பு. வினாத்தாளில் அவர்கள் பிழைத்தால் அட்ஜஸ்ட். பையன்கள் இந்தப் பாடத்தைப் பதினெட்டு வயதில், 300 ரூபாய் கட்டி, வீடியோ கேம் அரங்கத்திலேயே படித்துவிடுகிறார்கள். படித்தவன் இரண்டு விதமாக ஆகிறான். ஒருவன் இனி எந்தப் போட்டிக்கும் போவதில்லை. இன்னொருவன் அடுத்த வருஷம் குழுவில் சேர்ந்துவிடுகிறான். இரண்டாவது வகைதான் பெருகிவருகிறது.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, அடுத்த முறை பதிவு மேசையில் பணத்தை எடுக்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை டிவி? ஒருமுறை தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டா? எங்கள் கன்ட்ரோலரைக் கொண்டுவரலாமா? பரிசுப் பணம் இன்றே கைக்கு வருமா? அதோடு ஐந்தாவதாக ஒன்று: தப்பு உங்கள் பக்கம் இருந்தால் எங்களுக்கு என்ன தருவீர்கள்? எழுதிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி” என்று பதில் வந்தால் பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வாருங்கள். ஆட்டக்காரர்கள் இல்லாவிட்டாலும் விழா நிற்காது. விளக்கு இருக்கிறது, மைக் இருக்கிறது, பொன்னாடை மூட்டையாக இருக்கிறது. மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டு, தெர்மாகோல் காசோலையைத் தாளாளர் மகனுக்கே கொடுத்து முடித்துக்கொள்ளட்டும். குழுவின் முடிவு இறுதியானது என்றால், அந்த முடிவைக் கேட்கவும் குழுவே உட்கார்ந்திருக்கட்டும்.